சொல் விளக்கம்: ‘இன் விவோ’ – உயிரினுள்ளா, உயிரணுவினுள்ளா?

ஆர்.என்.ஏ. (மரபுச் செய்தியைச் சுமப்பது போன்ற வேலைகளைச் செய்யும் நீள் இழை மூலக்கூறு) எப்படி மடிகிறது என்று ஆராயும் முனைவர் பட்ட மாணவர் வாயில் ஓயாமல் புழங்கும் சொல் ‘இன் விவோ’. இலத்தீன் மொழியில் ‘விவோ’ உயிருள்ளதைக் குறிக்கும். ‘இன்’ சேர, ‘உயிருள்ளதன் உள்ளே’ என்றாகும். இதன் எதிர்ச்சொல் ‘இன் விட்ரோ’. ‘விட்ரம்’ என்றால் கண்ணாடி. ஆய்வேட்டைக் கொடுத்தபின் தேர்வாளர் முன் உட்கார்ந்து பதில் சொல்கிறோமே, அந்த ‘வைவா’வும் இதே வேர்தான்: ‘விவா வோச்சே’, உயிர்க்குரலால், அதாவது வாய்மொழியாக. மலாய் இந்தச் சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டது. ஆய்வேட்டின் மலாய்ச் சுருக்கத்தில் சாய்வெழுத்தில் போட்டால் வேலை முடிந்தது. கோலாலம்பூரிலோ பினாங்கிலோ இந்த ஆய்வைத் தமிழில் எழுத உட்காருபவருக்குத்தான் சங்கடம்.

தமிழில் சொல் கிடைக்காதது சிறு சங்கடம். மூலச்சொல்லே ஆளுக்கொரு பொருள் தருவது பெரிய சங்கடம். மருந்தியல் துறையினருக்கு ‘இன் விவோ’ என்றால் எலி, முயல், மனிதர். தட்டில் வளர்த்த உயிரணு (செல்) அவர்கள் கணக்கில் ‘இன் விட்ரோ’. ஆர்.என்.ஏ. ஆய்வாளருக்கோ அதே தட்டில் உள்ள அதே உயிரணு ‘இன் விவோ’; பிரித்தெடுத்துத் தூய்மையாக்கி டியூபில் போட்டதுதான் ‘இன் விட்ரோ’. இரு துறையினரும் ஒரே தளத்தில் வேலை செய்தால் கருத்தரங்கில் குழப்பம் நிச்சயம். இதைத் தவிர்க்கவே ‘இன் செல்லுலோ’ என்று ஒன்றைப் படைத்தார்கள். அது இலத்தீன் இலக்கணத்துக்குப் பொருந்தாது. ‘செல்லுலா’ பெண்பால் சொல். ‘இன் செல்லுலா’ என்றே வரவேண்டும். இலத்தீனையே இப்படி வளைக்கிறார்கள். நாம் தமிழ்ச்சொல் ஆக்கத் தயங்குவானேன்?

ஆர்.என்.ஏ.வுக்கு இந்த வேறுபாடு உயிர்நாடி. டியூபில் செய்வது இது: ஆர்.என்.ஏ.வை 95 பாகையில் ஓரிரு நிமிடம் சூடாக்கி, பனிக்கட்டியில் சட்டென்று குளிரவைத்து, 10 மில்லிமோலார் (கரைசலின் செறிவு அலகு) மெக்னீசியம் சேர்த்து, 37 பாகையில் இருபது நிமிடம் மடியவிடுவது. உயிரணுவில் கட்டற்ற மெக்னீசியம் ஏறத்தாழ 1 மில்லிமோலார்தான், பெரும்பாலும் அதற்கும் குறைவு. போதாததற்கு புரதம் கட்டும் ரைபோசோம் இழையின்மேல் ஓடுகிறது, ஹெலிகேஸ் நொதிகள் மடிப்பை அவிழ்க்கின்றன, புரதங்கள் ஒட்டிக்கொள்கின்றன. 2014-இல் ஈஸ்டில் செய்த ஆய்வு, புரதம் கட்டும் செய்தியைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ.க்கள் டியூபில் மடிந்திருக்கும் அளவுக்கு உயிரணுவில் மடிவதில்லை என்று காட்டியது, உயிரணுவுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி.யை வற்றவைத்ததும் மடிப்பு கூடியது. ஆக, உயிரணு ஆற்றலைச் செலவழித்து அவிழ்த்து வைக்கிறது. 2016-இல் இன்னொன்று தெரிந்தது: ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளான நான்கு காரங்களுள் ஒன்றாகிய குவானின் நிறைந்த வரிசைகள் டியூபில் நான்கு வரிப் பின்னலாக உறுதியாக மடியும், அவையே பாலூட்டி, ஈஸ்ட் உயிரணுக்களுக்குள் பெரும்பாலும் அவிழ்ந்து கிடக்கின்றன.

உள்ளே எப்படிப் பார்ப்பது? சவ்வைக் கடக்கும் சிறு வேதிப்பொருளால் ஆர்.என்.ஏ.வில் குறியிடுவார்கள். டைமெத்தில் சல்ஃபேட் (டி.எம்.எஸ்.) மடிப்பில் இணைசேராத அடினின், சைட்டோசின் காரங்களை மெத்தில் ஏற்றிக் குறிக்கும். ‘ஷேப்’ முறை நான்கு காரங்களையும் பார்க்கும். அது பிடிப்பது காரத்தை அன்று, ரைபோஸ் சர்க்கரையின் 2-பிரைம் ஹைட்ராக்சிலை (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதியை). இழை நெகிழ்வாக உள்ள இடத்தில் அது எளிதில் வினைபுரியும். ஆர்.என்.ஏ. என்ற பெயரின் முதலெழுத்தே இந்த ரைபோஸ்தான். 1891-இல் எமில் ஃபிஷர் குழு அதைச் செய்தபோது, அரபிப் பிசினால் பெயர்பெற்ற ‘அரபினோஸ்’ என்ற சொல்லின் எழுத்துகளைக் குலைத்துப் பெயரிட்டார்கள். டி.என்.ஏ.வில் இல்லாத அந்த ஓர் ஆக்சிஜன் ஆர்.என்.ஏ.வை அமிலத்துக்கு எதிரான காரக் கரைசலில் அறுந்துபோகச் செய்வது. ஆய்வாளருக்குப் பிடிமானம் தருவதும் அதுவே.

குறி விழுந்த இடத்தை ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக எதிர்ப்படியெடுக்கும் நொதி காட்டும். மெக்னீசியத்துக்குப் பதிலாக 6 மில்லிமோலார் மாங்கனீசு கொடுத்தால் நொதி அங்கே நிற்காமல் தவறான எழுத்தைப் போட்டுவிட்டுக் கடந்துபோகும். வரிசைப்படுத்தியபின் அந்தப் பிழைகளை எண்ணவேண்டும். ஓர் இடத்தைக் குறைந்தது ஆயிரம் வாசிப்புகளாவது (வரிசைப்படுத்தும் கருவி படித்த இழைப்படிகள்) மூடவேண்டும். சிக்கலான மடிப்புக்கு ஐயாயிரம் நல்லது.

தவறுவது பெரும்பாலும் ஈரமான வேலையில்தான். டி.எம்.எஸ். 2 சதவீதம், அதாவது 10 மில்லிலிட்டர் ஊடகத்துக்கு 200 மைக்ரோலிட்டர். நீரில் கரையும் எல்லையை இது ஏறக்குறையத் தொட்டுவிடுகிறது. மெல்லச் சுழற்றாவிட்டால் எண்ணெய்ச் சொட்டாக அடியில் தங்கி, ஒரு மூலை உயிரணுக்களை மட்டும் பொசுக்கும். நீரோடு சேர்ந்து அமிலமாகவும் மாறுவதால் 200 மில்லிமோலார் பைசின் தாங்கல் (அமிலத்தன்மை ஏறாமல் தடுக்கும் கரைசல்), பி.எச். 8-இல், தேவை. வாசனை மிகக் குறைவு, நச்சோ கடுமையானது. மூச்சில் போனது சில மணி நேரம் கழித்தே தெரியும். புகைபோக்கிப் பெட்டிக்கு வெளியே புட்டியைத் திறக்கவே கூடாது.

மோசமான பிழை, வினையை நிறுத்தும் கட்டத்தில் நடப்பது. 37 பாகையில் ஐந்து நிமிடம் ஆனதும் பீட்டா-மெர்காப்டோஎத்தனாலைத் தாராளமாக ஊற்றி மீதி டி.எம்.எஸ்.ஸை அழிக்கவேண்டும். அது போதாமல், உயிரணுவை உடைக்கும் கரைசல் சேர்ந்துவிட்டால், புரதம் கழன்று மடிப்பும் அவிழ்ந்த ஆர்.என்.ஏ.வில் குறி விழுகிறது. தரவு முழுக்க ‘திறந்த’ இழையாகத் தெரியும். ‘இன் விவோ’ என்று பெயரிட்ட குப்பியில் இருப்பது உண்மையில் டியூபில் நடந்த வினை. இதைப் பிடிக்க ஒரு கட்டுப்பாடு உண்டு: நிறுத்தியையும் டி.எம்.எஸ்.ஸையும் ஒரே நேரத்தில் சேர்த்த தட்டு. அதன் பிழைவீதம் மருந்தே இடாத தட்டோடு ஒத்துப்போகவேண்டும். அடுத்து, வடிவம் ஏற்கெனவே தெரிந்த, ரைபோசோமின் ஒரு பகுதியான 18எஸ் ஆர்.என்.ஏ.வோடு ஒப்பிடவேண்டும்.

‘ஷேப்’ மருந்துகளுக்கு எதிரி நம் ஊர்க் காற்று. அவற்றை நீரற்ற டி.எம்.எஸ்.ஓ. (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) என்ற கரைப்பானில் கரைப்பார்கள், திறந்த புட்டி பினாங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், மருந்து உயிரணுவைச் சேருமுன்பே சிதைந்துவிடும். சிறுசிறு குப்பிகளாகப் பிரித்து, உலர்த்தியோடு மூடி வைப்பதே வழி. ஏர்கோனை 18-இல் வைத்த அறையில் டி.எம்.எஸ்.ஓ. உறைந்து கிடந்தால் பதற வேண்டாம். அதன் உறைநிலையே 18.5 பாகை.

இனித் தமிழ். முழு உயிரிக்கு ‘உயிரினுள்’, வளர்த்த உயிரணுவுக்கு ‘உயிரணுவினுள்’ என்று இரண்டாகப் பிரிப்பதே எங்கள் பரிந்துரை. இலங்கை வழக்கில் உயிரணு என்பது ‘கலம்’. அழகான சொல்தான், இங்கே மட்டும் காலை வாரும். கலம் என்றால் பாத்திரமும் ஆயிற்றே! ‘கலத்தினுள்’ என்று எழுதினால் உயிரணுவுக்குள்ளா, டியூபுக்குள்ளா? பிரிக்க வந்த சொல்லே இரண்டையும் ஒன்றாக்கிவிடும். தமிழகப் பாடநூலின் ‘செல்’ தவறில்லை, மலாயிலும் அதே ஒலி. ஆனால் மலேசியத் தமிழில் ‘உயிரணு’ வேரூன்றிவிட்டது.

‘இன் விட்ரோ’வுக்குச் சொல்லுக்குச் சொல் ‘கண்ணாடியினுள்’ என்பது வேண்டாம். டியூப் இப்போது பிளாஸ்டிக். ‘சோதனைக் குழாய்க் குழந்தை’ எல்லாருக்கும் தெரிந்த தொடர் என்பதால் ‘குழாயில்’ போதும். மென்மையாகப் பிரித்தெடுத்து, மடிப்பு குலையாமல் புரதத்தை மட்டும் நீக்கிய மாதிரியை ‘உயிரணு நீங்கிய’ எனலாம். அதையும் ‘குழாயில்’ என்று எழுதினால், சூடாக்கி மீண்டும் மடித்ததோடு கலந்துவிடும். ‘டைனமிக்ஸ்’ என்பதை ‘இயக்கவியல்’ ஆக்கினால் இயற்பியல் வகுப்பு நினைவுக்கு வரும்; ‘வடிவ மாற்றம்’ என்க. ஒரே ஆர்.என்.ஏ. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வடிவங்களில் இருப்பதை ‘வடிவக் கலவை’ எனலாம். ஒவ்வொரு வாசிப்பிலும் எந்தப் பிழைகள் சேர்ந்து வருகின்றன என்று தொகுத்து, 2020-இல் எச்.ஐ.வி.-1 ஆர்.என்.ஏ.வில் இப்படிப் பிரித்துக் காட்டினார்கள்.

பயன்பாடு: ‘இந்த வளைவு குழாயில் மூடியும், உயிரணு நீங்கிய மாதிரியில் மூடியும், உயிரணுவினுள் திறந்தும் உள்ளது, உயிரினுள் சோதிக்கவில்லை.’