கல்யாண வீட்டுக்கு மறுநாள் பட்டினி கிடக்காதீர்கள்

ஞாயிறு கல்யாண வீடு, திங்கள் காலை கிளினிக் வரிசையில் மயக்கம். மட்டக்களப்பில் கல்யாணக் காலம் வந்தால் இதே கதைதான். கேட்டால், "நேத்துக் கூடத் திண்டுட்டன், அதான் இண்டைக்கு ஒண்டும் சாப்பிடல்ல. குளிசை மட்டும் போட்டன்."

அதுதான் பிழை. சீனி வருத்தத்துக்கு எடுக்கும் கிளிபென்கிளமைட், கிளிக்லசைட், இன்சுலின் எதுவும் நீங்கள் சாப்பிட்டீர்களா என்று பார்க்காது, இரத்தத்தில் சீனியை இறக்கிவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் அடங்காவிட்டால் இன்னொரு தரம். அடங்கியதும் சாப்பாடு. குளிசையால் இறங்கிய சீனி திரும்பவும் இறங்கும், ஆகவே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 1990 அம்புலன்சை அழையுங்கள். (வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்கும் நாளில் குளிசையையும் சாப்பாட்டையும் கையோடு கொண்டுவந்து, இரத்தம் எடுத்த பிறகே இரண்டையும் எடுங்கள்.)

சீனி வருத்தம் இல்லாதவருக்கும் பட்டினியால் லாபமில்லை. காலையில் தராசு இரண்டு கிலோ கூடக் காட்டுகிறதாம். ஒரு கிலோ கொழுப்புச் சேர ஏறத்தாழ 7,700 கலோரி மிச்சமாக வேண்டும். இரண்டு கிலோவுக்கு 15,400. எத்தனை சஹன் (பலர் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டு) புரியாணியை ஒரே ஆள் முடித்தீர்கள்? ஏறியதில் பெரும்பகுதி உப்பு பிடித்து வைத்த தண்ணீர். உடம்பு சேமிக்கும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் (மாச்சத்தின் சேமிப்பு வடிவம்) சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். மீதி, வயிற்றில் இன்னும் கிடக்கிற சாப்பாடு. இரண்டு மூன்று நாளில் தானாக இறங்கும். பட்டினி கிடந்தவரோ பத்து மணிக்கு ரோல்ஸ் கடையில் நிற்பார். தேன் விட்ட தேசிக்காய்த் தண்ணீர் கொழுப்பைக் கரைக்காது, தேனும் சீனிதான்.

எழுந்ததும் இரண்டு தம்ளர் தண்ணீர். பிறகு மூன்று குரக்கன் இடியப்பம், ஓர் அவித்த முட்டை, வல்லாரைச் சம்பல், இரண்டாம் பாலில் வைத்த சொதி. அல்லது ஒரு கோப்பை அவித்த கௌபி. அரைக் கோப்பை சட்டித் தயிரும் நல்லது, பாணி விடாமல். குரக்கன் என்றதும் அளவை மறப்பவர்கள் அதிகம். குரக்கன் பிட்டும் மாச்சத்துத்தான், வழக்கத்தில் பாதி போதும்.

இரவு முழுக்க வெளியில் கிடந்த புரியாணியைக் கொட்டிவிடுங்கள். அதில் கிருமி விட்ட நஞ்சு சூடாக்கினாலும் போகாது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். நெஞ்சு இறுக்கி, வியர்த்து, கைக்கோ தாடைக்கோ வலி ஓடினால் "வாய்வு" என்று சோடா குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் மாரடைப்பா என்று பார்க்க ஈசிஜி எடுக்கச் சில நிமிடம்தான் ஆகும்.