காற்றை உறிஞ்சும் குதிரை

லாய அறையின் அரைக்கதவில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் மரம் பள்ளமாகத் தேய்ந்திருக்கும். குதிரை அங்கே வந்து மேல்வரிசை முன்பற்களை அந்தப் பள்ளத்தில் ஊன்றும். கழுத்தை வளைத்துப் பின்னால் இழுக்கும். தொண்டைக்குக் கீழே தசைகள் கயிறு போலப் புடைக்கும். உடனே ஏப்பம் மாதிரி ஒரு சத்தம் வரும். பல்லை எடுத்துவிட்டுக் கதவை இரண்டு தடவை நக்கும். அப்புறம் மறுபடியும் அதே இடத்தில் பல்லை ஊன்றும். ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை இப்படிச் செய்யும் குதிரைகள் உண்டு.

இதைத் தொட்டி கடித்தல் என்று சொல்லலாம். தீனித் தொட்டி, கதவு, வேலிக் கட்டை என்று அசையாத எதையாவது பல்லால் பற்றிக்கொண்டு செய்வது இது. எதையும் பற்றாமல், கழுத்தை மட்டும் இறுக்கி அதே சத்தத்தோடு செய்தால் அது காற்றுறிஞ்சல். ஆங்கிலத்தில் விண்ட்சக்கிங் என்பார்கள். இரண்டும் ஒரே வேலையின் இரண்டு வடிவங்கள்தான். நின்ற இடத்திலேயே முன்கால்களை மாற்றி மாற்றி வைத்துத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டிருப்பது, லாயத்துக்குள்ளேயே வட்டமடித்து நடப்பது ஆகியவற்றையும் சேர்த்து, லாயத்துக் கெட்ட பழக்கங்கள் என்று வெகுகாலமாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். இந்தப் பெயரே எனக்கு உறுத்தலாக இருக்கிறது. குதிரை ஏதோ குற்றம் செய்தது போலவும், அதைத் திருத்துவது நம் கடமை என்பது போலவும் அந்தப் பெயர் நினைக்க வைக்கிறது. இந்தப் பழக்கங்கள் எப்படி உண்டாகின்றன என்று பார்த்தால், குற்றம் பெரும்பாலும் நாம் வைத்த வைப்பில்தான் இருக்கிறது.

முதலில் காற்று எங்கே போகிறது என்பதைப் பார்ப்போம். குதிரை காற்றைக் குடம் குடமாக விழுங்கி வயிற்றை நிரப்பிக்கொள்கிறது, அதனால்தான் வயிற்று வலி வருகிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1995-இல் விலங்கு நடத்தை ஆய்வாளர் பால் மெக்ரீவியும் அவருடன் இருந்தவர்களும் இப்படிச் செய்துகொண்டிருக்கும் குதிரைகளை எக்ஸ்ரே மூலமும் உள்நோக்கிக் கருவி மூலமும் பார்த்தார்கள். கழுத்தின் அடிப்பக்கத் தசைகள் குரல்வளையைப் பின்னுக்கு இழுக்கின்றன. அந்த இழுப்பில் உணவுக்குழாயின் மேல்பகுதி விரிய, காற்று சட்டென்று உள்ளே பாய்கிறது. நாம் கேட்கும் சத்தம் அந்தப் பாய்ச்சலின் சத்தம். ஆனால் அந்தக் காற்றில் பெரும்பகுதி வயிற்றுக்கு இறங்குவதில்லை. வந்த வழியே தொண்டைக்குத் திரும்பிவிடுகிறது. விழுங்கும்போது நடக்கும் தசை அசைவுகளும் இதில் இல்லை.

அப்படியானால் குதிரைக்கு இதில் என்ன கிடைக்கிறது? அதற்குக் குதிரையின் வயிற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மேய்ச்சல் வெளியில் விட்டால் குதிரை ஒரு நாளில் சுமார் 16 மணி நேரம் மேயும். கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, நகர்ந்து, மறுபடி தின்னும். அதன் இரைப்பை உடலோடு ஒப்பிட்டால் சிறியது. நமக்குச் சாப்பாட்டு நேரத்தை ஒட்டி அமிலச் சுரப்பு கூடும். குதிரைக்கு அப்படி இல்லை. தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அந்த அமிலத்தைத் தணிக்கும் எச்சிலோ மெல்லும்போது மட்டும்தான் ஊறும். நாள் முழுக்க மேயும் விலங்குக்கு இந்த ஏற்பாடு கச்சிதமாகப் பொருந்துகிறது. அதே விலங்கை லாயத்தில் அடைத்து, காலையும் மாலையும் ஒரு வாளி தானியத்தைக் கொடுத்தால் கணக்கு தவறிவிடுகிறது. ஒரு கிலோ உலர்புல்லை மென்று முடிக்க முக்கால் மணி நேரம் போல ஆகும். ஒரு கிலோ தானியம் பத்து நிமிடத்தில் தீர்ந்துபோகும். மீதி நேரமெல்லாம் வாய்க்கு வேலை இல்லை, எச்சில் இல்லை, அமிலம் மட்டும் ஊறிக்கொண்டிருக்கிறது. இரைப்பையின் மேல்பாதிச் சுவருக்கு அமிலத்தைத் தாங்கும் சளிப்படலமும் கிடையாது.

விலங்கு நல ஆய்வாளர் கிறிஸ்டின் நிகலின் குழு இதைக் குட்டிகளிடம் ஆராய்ந்தது. தொட்டி கடிக்கத் தொடங்கிய குட்டிகளின் இரைப்பையை உள்நோக்கியில் பார்த்தபோது, அந்தப் பழக்கம் இல்லாத குட்டிகளைவிட அவற்றில் அழற்சியும் புண்ணும் அதிகமாக இருந்தன. அமிலத்தைத் தணிக்கும் தீவனம் கொடுத்த குட்டிகளுக்கு இரைப்பை தேறியது. தானியம் தின்ற கையோடு, குறிப்பாக இனிப்பு சேர்த்த தீவனத்துக்குப் பிறகு, இந்தப் பழக்கம் அதிகமாவதை லாயத்தில் யார் வேண்டுமானாலும் கண்ணால் பார்க்கலாம். வயிற்றைத் தணிக்க எச்சிலை ஊறவைக்கும் முயற்சியாக இது தொடங்குகிறது என்ற விளக்கத்துக்கு இதனால் பலம் கூடுகிறது. வளர்ந்த குதிரைகளிடம் விஷயம் இவ்வளவு நேராக இல்லை. வயிற்றுப் புண் ஆறிய பிறகும் பழக்கம் தொடர்வது உண்டு.

எப்போது தொடங்குகிறது என்பதுதான் மனதைத் தைக்கும் விஷயம். 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் 225 குட்டிகளை 4 ஆண்டுகள் கவனித்தார்கள். தொட்டி கடிக்கத் தொடங்கியவற்றின் இடைநிலை வயது வெறும் 20 வாரம். கிட்டத்தட்ட பால் மறக்க வைக்கும் பருவம் அது. தாயிடமிருந்து பிரித்ததும் தானியம் போன்ற அடர்தீவனம் கொடுக்கப்பட்ட குட்டிகளுக்கு இந்தப் பழக்கம் வரும் வேகம் 4 மடங்காக இருந்தது. லாயத்துக்குள் அடைத்துப் பிரித்த குட்டிகளைவிட, வயல்வெளியில் வைத்துப் பிரித்த குட்டிகளிடம் இது போன்ற பழக்கங்கள் குறைவு. ஆகவே தடுக்க நினைப்பவர் கை வைக்க வேண்டிய இடம் இதுதான். பிரிப்பதைத் தள்ளிப்போடுங்கள், வெளியில் வைத்துப் பிரியுங்கள், உடன் வேறு குதிரைகள் இருக்கட்டும், புல்லும் உலர்புல்லும் பிரதான உணவாக இருக்கட்டும்.

பழக்கம் ஊன்றிவிட்ட பிறகு அது மூளைக்குள் இடம் பிடித்துவிடுகிறது. இந்தக் குதிரைகளின் மூளையில், பழக்கங்களைப் பதிய வைக்கும் பகுதியில், டோபமின் என்ற வேதிப்பொருளின் செய்தியை வாங்கும் ஏற்பிகள் மாறியிருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். உடலே சுரக்கும் அபின் போன்ற பொருள்களின் வேலையைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினால், மருந்தின் வீரியம் இருக்கும் வரை தொட்டி கடித்தல் நின்றுவிடுகிறது. குதிரைக்கு அதில் ஏதோ ஓர் ஆறுதல் கிடைக்கிறது என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். பச்சைப் புல்வெளியில் கொண்டுபோய் விட்டாலும் சில குதிரைகள் வேலிக் கட்டையைத் தேடிப் போவது இதனால்தான்.

இந்த இடத்தில்தான் கழுத்துப் பட்டையைப் பற்றிப் பேச வேண்டும். தொண்டையைச் சுற்றி இறுக்கிக் கட்டும் பட்டை, கழுத்தை வளைத்தால் அழுத்தி வலியைத் தரும். குதிரை நிறுத்திவிடும், சத்தம் கேட்காது, உரிமையாளருக்கு நிம்மதி. ஆனால் ஒரு நாள் தடுத்து வைத்துவிட்டுப் பட்டையைக் கழற்றினால், முன்பு செய்ததைவிட அதிகமாகச் செய்வதைச் சோதனையில் பார்த்திருக்கிறார்கள். அதாவது தேவை உள்ளே சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. 1920-களில் ஸ்வீடன் நாட்டுக் கால்நடை மருத்துவர் ஃபோர்செல், கழுத்துத் தசைகளையே வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சையை உருவாக்கினார். அதன் திருத்திய வடிவம் இன்றும் நடக்கிறது. பற்கள் ஈறு வரை தேய்ந்தோ உடல் மெலிந்தோ அபாயமான நிலைக்குப் போன குதிரைக்கு மருத்துவர் பட்டையைப் பரிந்துரைத்தால் சரி. அதையே முதல் வைத்தியமாக எடுப்பது, அழும் குழந்தையின் பசியைக் கேட்காமல் வாயைப் பொத்துவது மாதிரிதான்.

பக்கத்து லாயத்துக் குதிரை பார்த்துக் கற்றுக்கொள்ளும் என்ற பயமும் பலரிடம் இருக்கிறது. பார்த்துப் பழகுகின்றன என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஒரே தீவனம், ஒரே அடைப்பு, சில நேரம் ஒரே வம்சம் என்று காரணங்கள் பொதுவாக இருப்பதால் இரண்டு குதிரைகளுக்கும் வரலாம். இந்தப் பயத்தில் குதிரையைத் தனியாக ஒதுக்கி வைத்தால் நிலைமை மோசமாகும்.

தலையை ஆட்டும் பழக்கம் வேறு வகை. தொட்டி கடித்தல் தீனிக்குப் பிறகு கூடும் என்றால், ஆட்டம் தீனிக்கு முன்பும் கூட்டாளிகள் வெளியே போகும்போதும் கூடும். வேர் வயிற்றில் இல்லை. தனிமையிலும் எதிர்பார்ப்பிலும் இருக்கிறது. மற்றக் குதிரைகளைப் பார்க்கும்படி ஜன்னல்களைத் திறந்துவிட்டபோது ஆட்டம் குறைந்தது. லாயத்தில் ஒரு கண்ணாடியை மாட்டியபோதுகூட நன்றாகக் குறைந்தது. இப்படிச் செய்யாமல், ஆட்டத்தைத் தடுக்கக் கதவில் தலை மட்டும் நுழையும் இடைவெளி விட்டுக் கம்பி வைப்பவர்கள் உண்டு. குதிரை இரண்டடி பின்னால் போய் உள்ளே நின்று ஆடும்.

தானியத்தைச் சின்னச் சின்ன வேளைகளாகப் பிரித்துக் கொடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. வாய்ப் பழக்கங்கள் அதனால் குறையும். ஆனால் ஒவ்வொரு வேளைக்கு முன்பும் எதிர்பார்ப்பு கூடி, ஆட்டம் அதிகமாகலாம். ஆகவே வேளைகளைக் கூட்டுவதைவிடத் தானியத்தையே குறைத்து, சிறு கண் வலைப் பையில் உலர்புல்லை எந்நேரமும் தொங்கவிடுவது நல்லது. வேலைக் குதிரைக்குக் கூடுதல் சக்தி வேண்டுமென்றால் மாவுச்சத்துக்குப் பதில் நாரும் எண்ணெயும் சேர்க்கலாம். தினமும் சில மணி நேரமாவது வெளியே, துணையோடு விட வேண்டும்.

பழகிப்போன குதிரைக்கு வேறு கவனிப்பும் தேவை. முன்பற்களை மருத்துவரிடம் முறையாகக் காட்டுங்கள். தேய்ந்துபோனால் புல்லைக் கடித்து இழுக்க முடியாது. எடையைக் கவனியுங்கள். கல்லீரலுக்கு அருகே இயல்பாகவே உள்ள ஒரு சிறு திறப்பில் சிறுகுடல் போய்ச் சிக்கிக்கொள்ளும் ஆபத்து இந்தக் குதிரைகளுக்கு அதிகம். அது உயிரைப் பறிக்கும் சூலை, அதாவது கடும் வயிற்று வலி. தீனியைத் தொடாமல் நிற்பது, வழக்கத்துக்கு மாறாக மந்தமாக இருப்பது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, முன்காலால் தரையைப் பறிப்பது என்று எதைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் பதினைந்து வயதுக் குதிரை ஒன்று கதவைத் தேடி வரத்தான் செய்யும். வரட்டும். அந்தக் கதவின் விளிம்பில் தடித்த ரப்பரைச் சுற்றிவிடுங்கள், பல்லாவது தப்பும்.