சுவரில் ஒட்டகச்சிவிங்கி இருந்தால் குழந்தை டாக்டரா?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் கிளினிக் வைத்திருக்கிறேன். நான் பொது மருத்துவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பாதிப் பேருக்கு நான் "குழந்தை டாக்டரம்மா". எடை பார்க்கும் மேசைக்கு மேலே ஓர் ஒட்டகச்சிவிங்கிப் படம் ஒட்டியிருக்கிறேன். அழுகிற பிள்ளையின் வாயை ஒரு நிமிடமாவது மூட அது உதவுகிறது. அந்தப் படத்தால்தான் இந்தப் பெயர் வந்தது என்று நினைக்கிறேன். பல வருடம் நானும் திருத்தவில்லை. கேட்க நன்றாகத்தானே இருந்தது!

திருத்த வைத்தவன் ஒரு மூன்று வயதுப் பையன். அப்பா செம்பனை லாரி ஓட்டுகிறார். பையனுக்கு மாதத்தில் இரண்டு முறையாவது மூச்சிளைப்பு வந்துவிடும். ஏழு மாதமாக வேறோர் ஊரில் "குழந்தை ஸ்பெஷலிஸ்ட்டிடம்" காட்டி வருவதாகச் சொன்னார்கள். போகும்போதெல்லாம் நெபுலைசர் வைத்து, மருந்து கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இளைப்பு வராமல் தடுக்கும் மருந்தைப் பற்றி யாரும் பேசியதாகத் தெரியவில்லை. மருந்துப் பையில் இருந்த பெயரை டாக்டர்கள் பதிவேட்டில் தேடிப் பார்த்தேன். போலி இல்லை, முறையாகப் பதிவு செய்த டாக்டர்தான். ஆனால் என்னைப் போல அவரும் பொது மருத்துவர். பலகையிலும் 'நிபுணர்' என்ற சொல் இல்லையாம். முயலும் யானையும் வரைந்திருந்ததாம், அவ்வளவுதான்.

அவர் பொய் சொல்லவில்லை. பெற்றோரும் ஏமாறத் துடித்தவர்கள் இல்லை. அவர்களாக நினைத்துக்கொண்டார்கள், வந்த வினை அதுதான். "ஏற்கெனவே ஸ்பெஷலிஸ்ட்டைத்தானே பார்க்கிறோம்" என்று நினைத்ததால், ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்கப் பரிந்துரைக் கடிதம் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. ஏழு மாதம் அப்படியே போய்விட்டது.

சரி, எப்படித் தெரிந்துகொள்வது? நம் நாட்டில் இரண்டு பதிவேடுகள் உண்டு, இரண்டும் வேறு வேறு. டாக்டராகத் தொழில் செய்யும் எவருடைய பெயரும் மலேசிய மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் இருக்க வேண்டும். அதோடு, அந்த வருடத்துக்கான தொழில் சான்றிதழும் வேண்டும். ஏ.பி.சி. என்பார்கள். ஒவ்வொரு டிசம்பர் 31-லும் அது காலாவதியாகும், ஆகவே போன வருடத்துச் சான்றிதழ் இந்த வருடத்துக்குச் செல்லாது. இரண்டாவது, தேசிய நிபுணர் பதிவேடு. 1971-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தில் செய்த திருத்தம் 2017 ஜூலை 1-ல் நடப்புக்கு வந்தது முதல், இந்தப் பதிவேட்டில் பெயர் இல்லாத ஒருவர் நிபுணராகத் தொழில் செய்ய முடியாது. இரண்டையும் இணையத்தில் யாரும் பார்க்கலாம், காசு இல்லை. நிபுணர் பதிவேட்டில் துறையையும் மாநிலத்தையும் போட்டும் தேடலாம். பேராக்கில் யார் யார் குழந்தை நல நிபுணர்கள் என்று பார்க்க அதுதான் சுலபமான வழி.

தேடும்போது நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பலகையில் 'டாக்டர் ராணி' என்று இருக்கும். பதிவேட்டிலோ அடையாள அட்டையில் உள்ளபடி முழுப் பெயர், நடுவில் ஏ/பி (இன்னாரின் மகள்), அப்பா பெயர் எல்லாம் சேர்த்து இருக்கும். 'ராணி' என்று மட்டும் தட்டினால் எத்தனை ராணிகள் வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கிளினிக் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழில் முழுப் பெயரும் பதிவு எண்ணும் இருக்கும். அதைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தச் சான்றிதழ் யாருடையது என்பதையும் பாருங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் கிளினிக் முதலாளி இல்லை, அவருக்குப் பதிலாக வந்து பார்க்கும் லோக்கம் டாக்டர். சுவரில் இருக்கும் பெயரைப் பார்த்துவிட்டு நாற்காலியில் இருக்கும் ஆளை நம்புவது, லைசென்சை ஒருவர் காட்ட வண்டியை இன்னொருவர் ஓட்டுவது மாதிரி. "உங்கள் பெயர் என்ன டாக்டர்?" என்று கேட்டால் போதும். அதற்கே முகம் சுளிக்கிற டாக்டரிடம் அடுத்த முறை போகாதீர்கள், இது என் சொந்த அபிப்பிராயம்.

பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள் மலைப்பாகத்தான் இருக்கும். எம்.பி.பி.எஸ். அல்லது எம்.டி. என்பது இங்கே பெரும்பாலும் அடிப்படைப் பட்டம். குழந்தை நல நிபுணர்களிடம் வழக்கமாகப் பார்ப்பது, உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தின் நான்கு வருட முதுகலைப் பட்டம் அல்லது பிரிட்டனின் எம்.ஆர்.சி.பி.சி.எச். என்ற தகுதி. டி.சி.எச். என்பது குழந்தை நல டிப்ளோமா. நல்ல படிப்புதான், ஆனால் அது மட்டும் இருந்தால் இங்கே நிபுணர் ஆகிவிட முடியாது. எழுத்துகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், போதும்.

"டாக்டரிடம் போய் சான்றிதழ் கேட்பதா, மரியாதை இல்லையே" என்று பெரியவர்கள் தயங்குகிறார்கள். தோட்டத்து டிரெசர் ஐயாவை, அதாவது தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளரை, நினைத்துப் பாருங்கள். காய்ச்சல், வெட்டுக்காயம், பிள்ளை வயிற்றுப்போக்கு என்று லயன் வீடுகளில் எல்லாவற்றுக்கும் அவர்தான். அவருக்கே 1965-ல் தனிச் சட்டம் போட்டுப் பதிவேடு வைத்தார்கள். டிரெசருக்குப் பதிவு கேட்ட ஊரில் டாக்டரிடம் கேட்டால் என்ன தப்பு?

அதற்காகச் சளி பிடித்த பிள்ளையை எல்லாம் நிபுணரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். எங்கள் ஊர் பத்து வருடம், 2008 முதல் 2018 வரை, நுரையீரல் நிபுணர் ஒருவரையே நாடாளுமன்ற உறுப்பினராக வைத்திருந்தது. இருந்தும் இருமலுக்கு மக்கள் வந்தது என்னைப் போன்றவர்களிடம்தான், அது சரியும்கூட. தடுப்பூசி, எடை, வளர்ச்சி எல்லாவற்றுக்கும் அரசாங்கச் சுகாதார கிளினிக்கே ('கிளினிக் கெசிஹாத்தான்') போதும். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). பல இடங்களில் குடும்ப மருத்துவ நிபுணரும் வருவார். இவர்களும் பதிவு பெற்ற நிபுணர்கள்தான், பிள்ளைகளையும் பார்ப்பார்கள், ஆனாலும் நம் மக்கள் இவர்களைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. தேவைப்பட்டால் அங்கிருந்தே ஈப்போவுக்குக் கடிதம் கிடைக்கும்.

சான்றிதழ் சரியாக இருந்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் இல்லை. மருந்து எழுதுவதற்கு முன் பிள்ளையை எடை போடுகிறாரா என்று பாருங்கள். காய்ச்சல் மருந்தின் அளவே கிலோ கணக்கில்தான். ஆறு கிலோ குழந்தைக்கும் பன்னிரண்டு கிலோ குழந்தைக்கும் ஒரே அளவு எழுதினால், எத்தனை பட்டம் இருந்தும் பயனில்லை. பிள்ளையின் கிளினிக் புத்தகத்தைத் திறந்து பார்க்கிறாரா என்பதும் முக்கியம். புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு வருவது நம் தப்பு, அது வேறு விஷயம்.

இதையெல்லாம் பிள்ளை நன்றாக இருக்கும்போது செய்துவையுங்கள். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் வந்தால் பதிவேடு தேடிக்கொண்டிருக்கக் கூடாது, நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

இளைப்புப் பையனின் பாட்டிக்கு இதை எல்லாம் விளக்கினேன். மறுவாரம் பேரனோடு வந்தவர், என் சுவருக்கு நேரே போய் நின்றார். மூத்த பேத்தி கைப்பேசியில் என் பெயரைத் தட்டினாள்.

"டாக்டர் பட்டியல்ல இருக்கும்மா. இந்த இன்னொண்ணுல உங்க பேரு இல்லியே?" என்று கேட்டார் பாட்டி.

"இருக்காது பாட்டி. அதனாலதான் ஈப்போவுக்கு லெட்டர் எழுதுறேன்" என்றேன்.