ஸ்பைக் கணிக்கும் அல்காரிதம்: 97 சதவீதம் என்றால் என்ன?

நியூரான்கள், அதாவது மூளையின் நரம்பு செல்கள், வேலை செய்யும்போது ஒளிர்வதைப் படமெடுப்பது கால்சியம் இமேஜிங்; அந்த டேட்டாவை அலசுவது என் வேலை. நியூரான் எப்போது ஃபயர் ஆனது, அதாவது ஸ்பைக் என்னும் மின்துடிப்பைத் தந்தது என்று அந்தப் படத்திலிருந்து கணிக்க அல்காரிதங்கள் உண்டு. "இந்த அல்காரிதம் 97 சதவீதம் கரெக்டா சொல்லுது" என்று ஆய்வு மாணவர்கள் வந்து நிற்கும்போது நான் முதலில் கேட்பது, அந்த நியூரான் நொடிக்கு எத்தனை தடவை ஃபயர் ஆகிறது என்பதைத்தான். நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்கிறோம், நியூரான் நொடிக்கு ஒரு ஸ்பைக் தருகிறது என்று வையுங்கள். 30 ஃபிரேமில் 29 காலி. எல்லா ஃபிரேமுக்கும் "ஸ்பைக் இல்லை" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் நிரலுக்கும் கிட்டத்தட்ட 97 கிடைத்துவிடும்!

நுண்ணோக்கியில் ஸ்பைக் நேரடியாகத் தெரிவதே இல்லை. அது ஏறத்தாழ 1 மில்லிநொடியில் முடிந்துபோகிற மின்துடிப்பு. அதையொட்டி செல்லுக்குள் கால்சியம் நுழைகிறது, ஜிகேம்ப் புரதம் அதைப் பிடித்துப் பச்சையாக ஒளிர்கிறது, அந்த ஒளி மெல்ல வடிகிறது. 2013-இல் வந்த ஜிகேம்ப்6-இன் மெதுவான வகையில், ஒற்றை ஸ்பைக்கின் ஒளி பாதியாகக் குறையவே ஏறத்தாழ அரை நொடி ஆகும். அதற்குள் அடுத்தது வந்தால் மேலேயே ஏறி உட்காரும். கோயில் மணியின் ரீங்காரத்தை மட்டும் கேட்டுவிட்டு, எத்தனை அடி, எப்போது விழுந்தது என்று சொல்லச் சொன்னால் எப்படியிருக்கும்? அதுதான் இந்த அல்காரிதங்களின் பாடு.

சரி, விடை சரியா என்று எதை வைத்துப் பார்ப்பது? ஒரே நியூரானைப் படமும் எடுத்து, மின்முனை வைத்துப் பதிவும் செய்யவேண்டும். எலியின் மூளைப் புறணிக்குள் மெல்லிய கண்ணாடிக் குழாயை இறக்கி, பச்சையாக மின்னும் ஒரு செல்லின் தோலைத் தொட்டு நிறுத்துகிறார்கள். எலி கொஞ்சம் அசைந்தாலும் தொடர்பு விட்டுப்போகும். இத்தனை பாடுபட்டு ஒரு நேரத்தில் கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு செல். நன்றாக ஒளிரும் செல்லாகப் பார்த்துத்தான் குழாயைக் கொண்டுபோவார்கள், ஜூம் செய்து சுத்தமாகப் படம் எடுப்பார்கள். நீங்களோ நூற்றுக்கணக்கான செல்களை ஒரே ஃபிரேமில் அடைக்கிறீர்கள், படத்தில் இரைச்சல் (ஒளியில் வரும் தேவையற்ற ஏற்ற இறக்கம்) அதிகம். அங்கே வாங்கிய மதிப்பெண் இங்கே செல்லாது. 2021-இல் வெளியான காஸ்கேட் என்ற அல்காரிதம் இதைக் கவனத்தில் எடுத்துக்கொண்டது. உங்கள் டேட்டாவின் ஃபிரேம் வேகத்துக்கும் இரைச்சலுக்கும் ஏற்றபடி, மின்முனையோடு சேர்த்து எடுத்த உண்மைப் பதிவுகளை மாற்றியமைத்து, அதில் மாடலைப் பயிற்றுவிக்கிறது.

அளவுகோலிலும் சூட்சுமம் உண்டு. இத்தகைய அல்காரிதங்களுக்காக 2017-இல் நடந்த ஸ்பைக்ஃபைண்டர் போட்டியில், நேரத்தை 40 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டி, கணிப்புக்கும் உண்மைக்கும் ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு ஒத்து ஏறி இறங்குகின்றன என்பதன் அளவு) பார்த்தார்கள். நல்ல அளவுதான், ஆனால் எண்ணிக்கை அதற்குத் தெரியாது. கணிப்பு முழுவதையும் இரண்டால் பெருக்கினாலும் கெழு நகராது. துண்டின் அகலத்தை ஒரு நொடியாக்கினால் பெரும்பாலும் அதே அல்காரிதம் சட்டென்று கெட்டிக்காரனாகிவிடும். தவறவிட்ட ஸ்பைக், தப்பாகச் சொன்ன ஸ்பைக் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் எஃப்1 மதிப்பெண்ணிலும் இதே கதை. எத்தனை மில்லிநொடி முன்பின் இருந்தால் சரி என்று ஏற்கிறோம் என்பதைத் தளர்த்தினால், வேகமாக ஃபயர் ஆகும் செல்லில் குருட்டாம்போக்காகப் போட்ட ஸ்பைக்கும் பொருந்திவிடும். ஆகவே துண்டின் அகலத்தையோ இந்த இடைவெளியையோ சொல்லாத மதிப்பெண்ணை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

கால்சியம் இமேஜிங் டேட்டாவை அலசும் சூட்2பி மென்பொருளைப் பயன்படுத்துவோருக்குத் தனியாக ஒன்று. அது தரும் கோப்பின் பெயரில் ஸ்பைக் இருக்கிறதே தவிர, உள்ளே இருப்பது ஸ்பைக் எண்ணிக்கை அல்ல, அலகில்லாத ஒரு மதிப்பு. 0.8 என்று இருந்தால் ஏறத்தாழ முக்கால் ஸ்பைக் என்று பொருள் கிடையாது. ஒளி வடியும் நேரத்துக்கான டௌ மதிப்பு தானாக 1 நொடி என்று இருக்கும். வேகமான ஜிகேம்ப்6 வகைக்கு 0.7 என்று மாற்றச் சொல்கிறது அவர்களுடைய கையேடு. ஃபிரேம் வேகமும் நொடிக்கு 10 என்றே கிடக்கும். இரண்டையும் மாற்றாமல் ஓட்டிய முடிவுகளோடு வருகிறவர்கள் ஏராளம்.

சொந்த டேட்டாவில் மின்முனைப் பதிவு கொஞ்சமாவது இருந்தால், கணிப்பை அப்படியே சில பத்து நொடிகள் நகர்த்திவைத்து மதிப்பெண்ணைத் திரும்பக் கணக்கிடுங்கள். நகர்த்திய பிறகும் மதிப்பெண் பெரிதாக விழவில்லை என்றால், அது கண்டுபிடித்தது ஸ்பைக்கை அல்ல. அப்புறம், பயிற்சிக்கும் சோதனைக்கும் ஒரே நியூரானின் பதிவை இரண்டாக வெட்டாதீர்கள். செல்லோடு செல்லாகப் பிரியுங்கள், முடிந்தால் எலியோடு எலியாக.