மடுவத்து ஏட்டில் ஒரு வெற்றுக் கட்டம்

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், ஏட்டிலே ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே '0' என்று எழுதியிருப்பதும் கட்டம் வெறுமையாக இருப்பதும் ஒன்றல்ல. முன்னது, நிறுப்பதற்குக் கொழுந்து இல்லை என்பது. பின்னது, அவர் அன்று பிரட்டுக்கே (காலையில் பெயர் பதியும் இடத்துக்கே) வரவில்லை என்பதாகவோ, வந்து பறித்தும் நிறையைப் பதிய மறந்துவிட்டார்கள் என்பதாகவோ இருக்கலாம்.

நிரலாக்கத்தில் இந்த வெற்றுக் கட்டத்துக்கு 'நல்' (null) என்று பெயர். 1965இல் அல்கோல் டபிள்யூ மொழியை வடிவமைத்தபோது இதனைச் சேர்த்தவர், 1934இல் நமது கொழும்பிலே பிறந்த பிரித்தானியக் கணினி அறிஞர் டொனி ஹோர். அதனைத் தமது நூறு கோடி டொலர் தவறு என்று 2009இல் அவரே வருந்திக் கூறினார். பணியாளர் விவரம் என்று பெயரிட்ட மாறிக்குள், அதாவது நிரல் ஒரு மதிப்பை வைத்திருக்கும் இடத்துக்குள், விவரம் இல்லாமலே இருக்கலாம். அதில் என்ன மாதிரியான தரவு இருக்கும் என்று சொல்லும் வகையின் பெயர் அதைக் காட்டிக்கொடுப்பதில்லை. இல்லாத பணியாளரிடம் நிறையைக் கேட்ட கணத்தில் நிரல் நின்றுவிடும்.

ஒப்ஷனல் வகை, 'இல்லாமலும் இருக்கலாம்' என்பதை வகையின் பெயரிலேயே எழுத வைக்கிறது. கொட்லின் மொழியில் 'டபிள்' என்றால் எண் கட்டாயம் உண்டு; அதன் பின்னே ஒரு கேள்விக்குறி இட்டால் எண் இருக்கலாம், 'நல்' ஆகவும் இருக்கலாம். கேள்விக்குறியுள்ளதை நேரடியாகக் கூட்ட முயன்றால், நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் தொகுப்பி, அது ஓடுவதற்கு முன்பே தடுத்துவிடும். 'நல்' அல்ல என்று சோதித்த பிறகு, அந்தச் சோதனைக்குள் அதைச் சாதாரண எண்ணாகவே நடத்தும். ஸ்விஃப்ட், ரஸ்ட் ஆகிய மொழிகளிலும் இத்தகைய வகை உண்டு; ஜாவாவுக்கு 2014இல் எட்டாம் பதிப்பில் வந்தது.

ஆனால், தொகுப்பியின் வாயை அடைப்பதற்காக 'இல்லாவிட்டால் 0' என்று எழுதிவிடுவது, என் கருத்தில், நிரல் நின்றுபோவதைவிடக் கெடுதலானது. மடுவத்துக்கென நான் எழுதிய முதற் செயலியில் அதைத்தான் செய்தேன். நான்கு நாட்களில் 18, 20, 22 கிலோ பறித்து, ஒரு நாள் பதிவில்லாத பெண்ணின் சராசரி 20 கிலோவாக இருக்க வேண்டும். என் செயலியோ 15 என்று காட்டியது. நிறை குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் கூலி) விழும் இடத்தில், அந்த ஐந்து கிலோ அவருடைய கூலியைத் தொடுகிறது.

'இல்லாவிட்டால் 0' என்பதை நீக்கியதும், கூட்டல் நடந்த ஒவ்வோர் இடத்திலும் தொகுப்பி என்னை நிறுத்தியது. இப்போது வெற்றுக் கட்டங்கள் சராசரியில் சேர்வதில்லை; 'பதிவில்லை' என்று தனியே பட்டியலாகி, பிரட்டுப் பதிவோடு ஒப்பிடுவதற்குக் கணக்கப்பிள்ளையிடம் போகின்றன.