அழாத பிள்ளையும் எடை அட்டையும்

கம்பத்திலும் போடியிலும் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் மலையேறிவிடும். இடுக்கிப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற பெண்கள் சிலருக்கு வீட்டில் கைக்குழந்தை இருக்கும். பாட்டியிடமோ, பள்ளிக்கூடம் போக வேண்டிய அக்காவிடமோ விட்டுவிட்டுப் போவார்கள். 50 பெண்கள் வேலை செய்கிற தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது, ஆனால் பிள்ளை மலைக்குக் கீழே இருக்கும்போது மேலே காப்பகம் இருந்து என்ன? இந்தத் தாய்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று பேசுவது அநியாயம். வறுமை வேறு, புறக்கணிப்பு வேறு. சிக்கல் என்னவென்றால், குழந்தையின் உடம்பில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும்.

அடித்தால் தழும்பு காட்டிக்கொடுக்கும். கவனிக்காமல் விட்டதற்குத் தழும்பு கிடையாது. அதனால்தான் எடையைப் பார்க்கிறார்கள். பிறந்த சில நாளில் எடை கொஞ்சம் குறையும், இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிடும், ஐந்து மாதம் வாக்கில் பிறந்த எடை இரண்டு மடங்காகும், ஒரு வயதில் மூன்று மடங்கு. பால் போதாமல் போனால் முதலில் எடை நின்றுபோகும், அப்புறம் உயரம், கடைசியில்தான் தலைச் சுற்றளவு. இன்றைக்கு 6 கிலோ என்றால் அது மட்டும் ஒன்றும் சொல்லாது. இயல்பிலேயே சின்ன உடம்பா, 7 கிலோவிலிருந்து இறங்கியதா என்பது போன மாதக் கணக்கு இருந்தால்தான் தெரியும்.

இன்னொன்று அழுகை. எட்வர்ட் டிரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களில், தாய்மார்களைச் சில நிமிடம் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கத்தும், பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சில நிமிடத்துக்கே இப்படி! யாருமே ஏறெடுத்துப் பார்க்காத பிள்ளை நாளடைவில் கூப்பிடுவதையே குறைத்துக்கொள்ளலாம். வெளியாள் வந்து பார்த்தால் "சமர்த்து, அழவே அழாது" என்பார். அமைதியான பிள்ளை எல்லாமே அப்படி என்று இல்லை, ஆனால் அமைதியாக இருந்துகொண்டே எடையும் ஏறாத பிள்ளையை விட்டுவிடக் கூடாது. ருமேனியாவில் அநாதை இல்லங்களிலிருந்த 136 குழந்தைகளை 2000-க்குப் பிறகு பல ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வில், ஏறக்குறைய 2 வயதுக்குள் வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்கள்தான் நன்றாகத் தேறினார்கள். ஆக, ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்பதெல்லாம் இங்கே செல்லாது.

அப்படியென்றால் யாரும் போய்ப் பார்க்காததுதான் கோளாறா? லண்டன் ஹாரிங்கேயில் 2007 ஆகஸ்டில் கொடுமைக்கு ஆளாகி இறந்த 17 மாதக் குழந்தையை, அதற்கு முந்தைய எட்டு மாதத்தில் அதிகாரிகளும் மருத்துவர்களும் சுமார் 60 முறை பார்த்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு துண்டு தெரியும். துண்டுகளைச் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்க ஆள் இல்லை.

நம் தமிழ்நாடு-கேரள எல்லையில் அந்தத் துண்டுகள் இரண்டு மாநிலத்தில் கிடக்கும். கீழே நர்சம்மா, அங்கன்வாடி டீச்சர். பறிப்பு சீசனுக்குக் குடும்பம் மேலே லயத்துக்கு (தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) போய்விட்டால் அங்கே ஆஷா என்கிற கிராமச் சுகாதாரப் பணியாளர், வேறு அங்கன்வாடி, மலையாளத்தில் பதிவேடு. கீழே இருப்பவர் "ஊரில் இல்லை" என்று எழுதுவார், மேலே இருப்பவருக்கு இது இன்றைக்கு வந்த புதுப் பிள்ளை, பழைய எடை தெரியாது. அங்கன்வாடிக் குழந்தைகளின் எடையையும் ஊட்டச்சத்தையும் பதிவு செய்ய 2021-இல் வந்த போஷன் டிராக்கர் செயலியில் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் பதிவை மாற்ற வழி இருக்கிறது. ஆனால் குடும்பம் எங்கே போனது என்று யாராவது சொன்னால்தானே மாற்றுவார்கள்?

குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்திலேயே அக்கம்பக்கத்தில் வாயைத் திறப்பதில்லை. 2015 சிறார் நீதிச் சட்டம் இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. அப்படி அழைத்துப் போனாலும் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். போன் செய்கிறவர் தாயைப் பற்றிக் குறை சொல்ல வேண்டியதில்லை. வளர்ச்சி அட்டையில் உள்ள கடைசி இரண்டு எடையும் தேதியும், குடும்பம் இப்போது எந்தத் தோட்டத்தில் இருக்கிறது என்பதும் சொன்னால் விசாரிக்க வருகிறவர்களுக்குப் பாதி வேலை மிச்சம்.