அணில் இல்லாத காட்டுல ஒரு கோணல் அலகு

போன வாரம் சித்தப்பா வாட்ஸ்அப்ல ஒரு குருவி போட்டோ அனுப்பி, "அலகு கோணிப்போச்சு பாரு, செல்போன் டவர் பண்ற வேலைதானே?"ன்னு கேட்டிருந்தார். டவரும் இல்ல, சாபமும் இல்ல சித்தப்பா, அது கிராஸ்பில்னு ஒரு பறவை, அதோட அலகே அப்படித்தான். ஃபிஞ்ச்னு சொல்ற விதை தின்னும் சின்னக் குருவிங்க குடும்பம், கூண்டுல வளக்குற கேனரிக்கு சொந்தக்காரன். குஞ்சுல அலகு நேராத்தான் இருக்கும், வளர வளர மேலயும் கீழயும் ஒன்னையொன்னு தாண்டிப் போயிரும்.

எதுக்குன்னா பைன் காய்க்கு. கொடைக்கானல்ல நாம பொறுக்குறது விரிஞ்ச காய், மூடின காயோட செதிலை நகத்தால நெம்பிப் பாருங்க, நகம்தான் போகும். இவன் அலகு நுனிய செதிலுக்கு நடுவுல சொருகி, கீழ்த்தாடைய பக்கவாட்டுல தள்ளுவான், செதில் விலகும், அந்த சந்துல நாக்க விட்டு விதைய எடுத்துருவான். கடப்பாறை வேலை!

இதுல காசியா கிராஸ்பில்னு ஒன்னு, அமெரிக்காவுல ஐடஹோ மாநிலத்துல சவுத் ஹில்ஸ், ஆல்பியன் மலை ரெண்டுல மட்டும்தான், மொத்தமே சுமார் 70 சதுர கிலோமீட்டர் காடு. 2009-ல தனி இனம்னு எழுதினாங்க, 2017-ல ஏத்துக்கிட்டாங்க. மத்த கிராஸ்பில் பெரும்பாலும் காய் தேடி நாடோடியா சுத்தும், இது ஊரை விட்டு நகராது.

காரணம் அங்க இல்லாத ஒரு ஆளு, அணில். மத்த காடுகள்ல செவ்வணில் காயை முழுசா அறுத்துட்டுப் போய் சேத்து வச்சுக்கும், அதனால அங்க லாட்ஜ்போல்ங்கற பைன் மரம் அணிலத் தடுக்கத்தான் காயை மாத்திக்கிச்சு, அடி அகலம், உள்ள விதை கம்மி. சவுத் ஹில்ஸ்ல அந்த அணிலே கிடையாதா, காய் மரத்துலயே தங்கிரும், குருவியும் ஊரை விட்டுப் போக வேண்டாம். அங்க மரத்துக்கு முக்கிய எதிரி இந்தக் குருவிதான், அதனால மரம் காயோட நுனிச் செதில தடியாக்கிச்சு, குருவி அலகைத் தடியாக்கிச்சு, மரம் இன்னும் தடியாக்க, இப்படி ஆயிரக்கணக்கான வருஷமா மல்லுக்கட்டு. அறிவியல் பேர்லயே லத்தீன்ல 'அணில் இல்லாம'ன்னு வச்சிருக்காங்க, அது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

இதைக் கண்டுபிடிக்க பென்க்மன்னு ஒரு ஆராய்ச்சியாளர் டீமோட வருஷக்கணக்கா காயை அளந்து, அலகை அளந்து, குருவி காலுக்கு வளையம் மாட்டிட்டு இருந்தார். நம்மூர்ல இதுக்கு பணம் கேட்டா "இதனால என்ன யூஸ்?"தான் முதல் கேள்வியா வரும்.

சவுத் ஹில்ஸ் பைன் காய் பிசினால ஒட்டி வருஷக்கணக்கா மூடியே இருக்கும், பெரும்பாலும் தீ பட்டாத்தான் முழுசா விரியும், அதான் குருவியோட ஸ்டோர் ரூம். ஆனா வெயில் ரொம்ப ஏறிட்டா தீ இல்லாமலே கொஞ்சம் கொஞ்சமா விரிஞ்சு விதை கொட்டிருது. 2020-ல பேட்ஜர்னு பேர் வச்ச காட்டுத்தீ வேற வந்து சவுத் ஹில்ஸ் காட்டுல பெரிய பகுதிய எரிச்சுட்டுப் போயிருச்சு. மரம் தன் பங்குக்கு விதைய கொட்டி முளைச்சுக்கும், ஆனா அந்தக் கன்னு வளந்து காய் சேத்து வைக்க பல வருஷம் ஆகும், குருவிக்கு சாப்பாடு இன்னைக்கே வேணும்.